எழில்மதி பேரில் ஒரு கணக்கு

செந்தமிழ்ச்செல்வியும் எழில்மதியும் சேர்ந்து மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ் போட ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் செல்வி ஜவ்வரிசி ஆலையில் கிழங்குக்குத் தோல் சீவுகிற கூலிவேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எழில்மதி வடக்கனந்தலில் செல்வியின் தெருவுக்கே மருமகளாக வந்தவள். செல்வியைவிடப் பத்து வயது சின்னவள். கள்ளக்குறிச்சியில் காலேஜுக்கு இரண்டு வருடம் போனாள்; மூன்றாம் வருடம் கல்யாணம் ஆகிவிட்டது. புருஷன் அஜித்குமாருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பண்டிகைக்குப் பண்டிகை வருவான்.

"ஆலைக்காரனுக்குச் சீவுற கை நமக்குச் சீவட்டுமேக்கா" என்று ஆரம்பித்து வைத்தது எழில்தான். முதல் டின் எண்ணெயைச் செல்வி வாங்கினாள், முதல் மூட்டைக் கிழங்கை எழில் வாங்கினாள். செவ்வாயும் வியாழனும் செல்வி வீட்டுப் பின்பக்கம் அடுப்பு எரியும். சனி ஞாயிறுகளில் இரண்டு பேரும் நான்கு பெரிய பைகளோடு கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக மலை ஏறிக் கரியாலூரில் இறங்குவார்கள். படகுத்துறைக்குப் போகிற வழியில் ஒரு மேசை, மேலே ஒரு தார்ப்பாய். அவ்வளவுதான் கடை. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிற கூட்டத்துக்கு மிளகாய்த்தூள் போட்ட சிப்ஸைக் கண்டால் கை தானாக நீளும்.

எந்தப் பதத்தில் எண்ணெயிலிருந்து எடுப்பது, உப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்பதெல்லாம் செல்வியின் பொறுப்பு. பாக்கெட் போடுவது, வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பது, நோட்டில் எழுதுவது எழிலின் பொறுப்பு. சண்டையே வந்ததில்லை என்று சொல்ல முடியாது. வந்த சண்டை பஸ் மலை இறங்குவதற்குள் தீர்ந்துவிடும். செல்விக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கூட இருந்தவள் எழில். சொந்தத் தங்கை இரண்டாம் நாளே கிளம்பிவிட்டாள். அதிலிருந்து எழிலைப் பற்றி யாரிடம் பேசினாலும் செல்வி "எங்கூடப் பொறந்தது" என்றுதான் சொல்வாள்.

கிழங்கைப் பலகையில் வைத்துக் கையால் தள்ளித் தள்ளிச் சீவி, செல்வியின் வலது கட்டைவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரல் தன்னுடையதுதானா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கரண்டில் ஓடுகிற சீவுமெஷின் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று இருவரும் முடிவெடுத்தார்கள். வாரா வாரம் ஆளுக்குப் பாதியாக ஒரு தொகை எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டார்கள். டின் செல்வி வீட்டில் இருந்தது. இரண்டு வருடத்தில் நாற்பதாயிரம் சேர்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் மலைக்கு வருகிறவர்கள் கையில் ரூபாய் நோட்டு இல்லாமல் வர ஆரம்பித்தார்கள். பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு "ஸ்கேன் இல்லையா?" என்பார்கள். இல்லை என்றால் அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பாக்கெட் அப்படித் திரும்பி மேசைக்கு வந்தது. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்குக் கீழே நின்றுகொண்டு எழில் தன் போனை எடுத்தாள்.

"அக்கா, ரெண்டு விஷயம் சொல்றேன், நல்லாக் கேட்டுக்க. ஒண்ணு, ஸ்கேன் போடற ஆப்பு. ஜனங்க போனைக் காட்டுனா காசு பேங்குக்கு வந்துடும். சின்னதா ஒரு ஸ்பீக்கர் குடுப்பாங்க, காசு வந்தா அதுவே சத்தமா சொல்லும்."

"இன்னொண்ணு?"

"அது இன்வெஸ்ட்மென்ட் ஆப்பு. நாம காசு போட்டாப் போதும், அதுவே பத்து எடத்துல பிரிச்சிப் போட்டு வளக்கும். நடுவுல ஏஜெண்டு, கீஜெண்டு யாருமே கெடையாது. அல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும். டின்னுல கெடக்குதே, அந்தக் காசும், வாரா வாரம் மெஷினுக்குன்னு எடுக்கறோமே, அதுவும் இதுல போட்டா சீக்கிரமா மெஷின் வாங்கிடலாம்."

"மொத சொன்னதுல போட்டா?"

"பேங்க்லயே கெடக்கும். கொறையாது, பெருசா ஏறவும் ஏறாது. ரெண்டுல எதுன்னு நீ சொல்லு."

செல்வி போனை வாங்கிப் பார்த்தாள். அவள் எட்டாவது வரைக்கும் படித்தவள். தமிழில் இருந்ததால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. முதலீட்டு ஆப், காசு வாங்குவதற்கு முன்னால் பத்துக் கேள்வி கேட்டது. வயது என்ன, வருமானம் எவ்வளவு என்று போய், ஏழாவது கேள்வியில் செல்வி நின்றுவிட்டாள். உங்கள் பணம் பாதியாகக் குறைந்தால் என்ன செய்வீர்கள்?

"அது எப்பிடிடி பாதியாவும்?"

"சும்மா கேக்கறாங்கக்கா. நம்ம மனசு எப்பிடின்னு தெரிஞ்சிக்கறதுக்கு."

"என் மனசு எப்பிடின்னா, அடுப்ப அணைச்சிட்டுப் படுத்துடுவேன். அப்பிடின்னு எழுத எடம் இருக்குதா இதுல?"

எழில் விழுந்து விழுந்து சிரித்தாள். செல்விக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது தெளிவாகச் சொன்னாள்.

"எழிலு, அந்த ஸ்கேன போட்டுக்கலாம். இது வேணாம். ஏறவும் வேணாம், எறங்கவும் வேணாம். நாம போட்ட காசு போட்டபடி இருந்தா போதும் எனுக்கு. விரலு போற வேகத்துக்கு நான் எங்கப் போய் இன்னொரு நாப்பதாயிரம் சேக்கறது?"

"சரிக்கா. வேணாம்னா வேணாம்."

அவ்வளவு சுலபமாக எழில் ஒரு விஷயத்தை விட்டுக்கொடுத்து செல்வி பார்த்ததில்லை. அன்றைக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஸ்கேன் யார் பேரில் போடுவது என்று வந்தபோது சிக்கல். செல்விக்கு நூறுநாள் வேலைக்காகத் திறந்த கணக்கு ஒன்று இருந்தது. அதில் பெயர் தமிழ்ச்செல்வி, ஆதாரில் செந்தமிழ்ச்செல்வி. திருத்துவதற்கு மூன்று தடவை பேங்குக்கு நடந்து, மூன்று தடவையும் வேறு வேறு காகிதம் கேட்டதில் விட்டுவிட்டாள். போனும் பட்டன் போன்.

"என் பேர்லயே போட்டுடலாமா? வாரா வாரம் உன் பங்க கையில குடுத்துடறேன். மெஷின் காசு மட்டும் அதுலயே இருக்கட்டும்" என்றாள் எழில்.

"உன் பேரு வேற, என் பேரு வேறயா?" என்றாள் செல்வி. பிஸ்கட் டின்னில் இருந்த நாற்பதாயிரத்தையும் எடுத்துக் கொடுத்தாள். செல்வியின் புருஷன் கொளஞ்சியப்பன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். "ஒரு காயிதம் எழுதி வாங்கிக்க" என்றான். செல்வி அவனைத்தான் திட்டினாள்.

ஸ்கேன் வந்த பிறகு வியாபாரம் ஒன்றரை மடங்கானது. மாதத்துக்கு ஒரு தடவை எழில் போனைத் திறந்து மெஷின் காசு எவ்வளவு என்று காட்டுவாள். செல்வி எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பாள். ஐம்பத்து நான்காயிரம். அறுபத்து மூவாயிரம். எழுபத்தைந்தாயிரம். ஒரு மாதம் மட்டும் போன மாதத்தைவிட ஆயிரத்துச் சொச்சம் குறைவாக இருந்தது.

"இன்னாடி, கம்மியா இருக்குது?"

"ஸ்பீக்கருக்கு வருஷ வாடகை புடிச்சிட்டான்க்கா" என்றாள் எழில், பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டே.

"அம்மாங் காசா?"

"அப்பிடித்தான் புடிக்கறாங்க. அல்லா கடைக்கும் அதே கதைதான்."

செல்வி அதை நம்பினாள். அடுத்த வாரம் பக்கத்துப் பலாப்பழக் கடைக்காரியிடம் "வாடகை பாத்துக்க, கொள்ள அடிக்கறானுங்க" என்று எச்சரிக்கைகூடச் செய்தாள்.

ஒன்றரை வருடம் கழித்து, ஆகஸ்ட் மாதம், சின்னசேலத்தில் சின்னராசு என்பவர் சிப்ஸ் தொழிலை விட்டுவிடப் போவதாகத் தகவல் வந்தது. சீவுமெஷின், கேஸில் எரிகிற பெரிய பொரிப்புத்தொட்டி, பாக்கெட் ஒட்டுகிற மெஷின், மூன்றும் சேர்த்து ஒரு லட்சத்து முப்பதாயிரம்; மெஷின் காசும் போனில் அந்த அளவுக்கு வந்திருந்தது. புதிதாக வாங்கினால் இரண்டு மடங்கு. செல்வியும் எழிலும் போய்ப் பார்த்தார்கள். சின்னராசு ஒரு கிழங்கை உள்ளே விட்டுக் காட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் ஒரே அளவாக வட்ட வட்டமாக விழுந்தது. செல்வி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நாள மறுநாளுக்குள்ள காசு வந்தா உங்களுக்கு. உளுந்தூர்பேட்டையிலேர்ந்து ஒருத்தர் கேட்டுக்கினே இருக்காரு. பொம்பளைங்க ரெண்டு பேரு ஒழைச்சிப் பொழைக்கறீங்கன்னுதான் உங்களுக்கு மொதல்ல சொன்னேன்" என்றார் சின்னராசு.

செல்வி இடுப்பிலிருந்து ஆயிரம் ரூபாய் எடுத்து அட்வான்ஸ் கொடுத்தாள். திரும்பி வரும்போது எழில் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் கேட்டபோது பேங்க்கில் சர்வர் வேலை செய்யவில்லை என்றாள். அதற்கடுத்த நாள், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள் என்றாள். செல்வி சின்னராசுக்கு மூன்று தடவை போன் போட்டுக் கெஞ்சினாள். நான்காவது தடவை அவர் எடுக்கவில்லை. மெஷின் உளுந்தூர்பேட்டைக்குப் போய்விட்டது. ஆயிரம் ரூபாயை மட்டும் நேர்மையாகப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

அன்றைக்கு எழில் செல்வி வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து அழுதாள். தேம்பித் தேம்பி அழுதாள். செல்வி தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"போவுது வுடுடி. நீ இன்னா பண்ணுவ பாவம். பேங்க்காரன் பண்ணதுக்கு நீ ஏன் அழுவற? இன்னொரு மெஷின் வராமலா போயிடும்?"

எழில் நிமிர்ந்து பார்த்தாள். எதையோ சொல்ல வாய் எடுத்த மாதிரி இருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கிழங்க அலசிடட்டுமாக்கா?" என்றாள்.

பொங்கலுக்கு அஜித்குமார் ஊருக்கு வந்தான். மாட்டுப் பொங்கலன்று காலையில் செல்வி ஒரு தூக்கு நிறையப் பொங்கல் எடுத்துக்கொண்டு எழில் வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான்.

"வாங்கக்கா, வாங்க. உங்களப் பத்தித்தான் நேத்துக்கூடப் பேசிக்கினு இருந்தோம். எங்க கம்பெனில படிச்சவனுங்களே பயப்படறானுங்க. நீங்க தைரியமா ஒத்துக்கினீங்களே."

"எதுக்குப்பா?"

"அதாங்க்கா, மெஷின் காச மார்க்கெட்ல போடறதுக்கு. நடுவுல கொஞ்சம் எறங்குச்சே, அப்பக்கூட நீங்கதான் பொறுத்துக்கலாம்னு சொன்னீங்களாமே. எழிலு சொல்லிச்சி. இப்பப் பாருங்க, பத்தொம்பதாயிரம் லாபத்துல நிக்கிது."

எழில் உள்ளேயிருந்து தண்ணீர்ச் சொம்போடு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

செல்விக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவன் சொன்னதை ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு எழிலின் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தூக்கை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அந்த ஆப்புலயாடி?"

"அக்கா, உள்ள வாக்கா. உக்காந்து பேசலாம்."

"அதுலயா போட்ட? அதச் சொல்லு."

"ஆமாம்."

"எப்பலேர்ந்து?"

"மொதலேர்ந்து."

அஜித்குமார் ஒருத்தியை மாற்றி ஒருத்தியைப் பார்த்தான். "இன்னா எழிலு? அக்காகிட்ட சொல்லித்தான் போட்டேன்னு சொன்ன?" என்றான். எழில் சொம்பை நிலைப்படியில் வைத்தாள். அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் பைக்கை அப்படியே விட்டுவிட்டுத் தெருப் பக்கம் போய்விட்டான்.

செல்வி உள்ளே போனாள். நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தாள்.

"போனை எடு. காட்டு."

எழில் எடுத்துக் காட்டினாள். மாதா மாதம் செல்வி வாய்விட்டுப் படித்த எண்கள் வந்த அதே பக்கம்தான். பேங்க் என்று நினைத்துப் படித்தது பேங்க்கே இல்லை. மேலே பச்சை நிறத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எழுதியிருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். எழிலின் கட்டைவிரல் எப்போதும் அதன் மேல் இருந்திருக்கிறது.

"ஸ்பீக்கர் வாடகைன்னு சொன்னியே."

"அந்த மாசம் எறங்கிடுச்சிக்கா."

"சின்னசேலம் மெஷினு? சர்வரு, வரம்புன்னு சொன்னியே."

"அப்ப ரொம்ப எறங்கிக் கெடந்துச்சி. எடுத்தா பதிமூணாயிரம் நஷ்டம். ரெண்டு மாசம் பொறுத்தா ஏறிடும்னு தெரியும். உங்கிட்ட எப்பிடிச் சொல்றது? மொதல்லேர்ந்து அல்லாம் சொல்ல வேண்டி வருமே."

"நான் உன் மூஞ்சியத் தொடச்சி வுட்டேன்டி."

எழில் அழ ஆரம்பித்தாள். செல்விக்குக் கை எழவில்லை.

"அந்த ஏழாங் கேள்விக்கு இன்னான்னு போட்ட? காசு பாதியானா இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டுச்சே."

"இன்னும் கொஞ்சம் போடுவேன்னு."

"யாரக் கேட்டுப் போட்ட?"

எழில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் குரலில் இப்போது அழுகை இல்லை.

"உன்னக் கேட்டா இன்னா சொல்லியிருப்ப? வேணாம்னு சொல்லுவ. ஏழு வருஷமா உன் உப்பு, உன் காரம், உன் எண்ணெ, உன் வூட்டு அடுப்பு. பூண்டு போட்டு ஒண்ணு பண்ணலாம்னேன், வேணாம்ன. கள்ளக்குறிச்சில கடைங்களுக்குப் போடலாம்னேன், வேணாம்ன. நான் சொல்லி நீ எதையாவது செஞ்சிருக்கியாக்கா? நம்ம ரெண்டு பேருக்கும்தான் போட்டேன். ஒரு ரூபா நான் எடுத்துத் தின்னல. இன்னிக்கு ஏறித்தான நிக்கிது?"

அதில் உண்மை இருந்தது செல்விக்குத் தெரிந்தது. பூண்டு சிப்ஸை வேண்டாம் என்றது அவள்தான். தெரிந்ததால் வலி குறையவில்லை.

"இன்னிக்கும் எறங்கியே இருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பியா?"

எழில் போனின் திரையை அணைத்தாள்.

"சரி, அது போவுது. இது உன் பேர்லதான இருக்குது? உனுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா இந்தக் காசு யாருக்குப் போவும்?"

"ஏங்க்கா இப்பிடியெல்லாம் பேசற?"

"அதுல கேட்டிருப்பான்ல. யார் பேரு குடுத்த?"

வெளியே யாரோ மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட் வாங்கி வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அவரு பேரு" என்றாள் கடைசியில்.

செல்விக்கு அதுவரை நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பெண், ஆசையில் செய்துவிட்டாள், பயத்தில் மறைத்துவிட்டாள் என்று தானே எழிலுக்காக வாதாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரைக் கேட்டதும் அது போய்விட்டது. எழில் அந்த ஆப்பில் என்னவெல்லாமோ எழுதியிருக்கிறாள், ஊர் பெயர், அப்பா பெயர், புருஷன் பெயர். பாதிக் காசுக்குச் சொந்தக்காரியின் பெயர் எந்த மூலையிலும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தவளும் இவளும் ஒரே ஆள்தானா என்று செல்வி அவள் முகத்தையே பார்த்தாள். ஒரே ஆள்தான். அதுதான் தாங்க முடியவில்லை.

"அல்லாத்தையும் எடுத்துடு" என்று எழுந்தாள்.

"அக்கா, இன்னும் ஆறு மாசம் வுட்டா—"

"எடுத்துடு."

பொங்கல் விடுமுறை முடிந்து, காசு வந்து சேர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் செல்வி அடுப்பு பற்றவைக்கவில்லை. கிழங்கு கொண்டு வந்து போடுகிற ராமசாமி இரண்டு மூட்டையோடு வந்து திரும்பிப் போனார். கொளஞ்சியப்பன் "நான்தான் அப்பவே சொன்னனே" என்று ஒரு தடவை ஆரம்பித்தான். செல்வி பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

ஐந்தாம் நாள் எழிலும் அஜித்குமாரும் ஒரு மஞ்சள் பையில் பணத்தோடு வந்தார்கள். அஜித்குமார் தலை நிமிரவே இல்லை. போட்டதில் பாதி, லாபத்தில் பாதி என்று இரண்டு கட்டாகத் தனித்தனியாக ரப்பர் போட்டு வைத்திருந்தார்கள்.

"லாபத்த நீ வேணாம்னு சொல்லுவியோன்னு தனியா வெச்சிருக்கேன்" என்றாள் எழில்.

"ஏன் வேணாம்னு சொல்லணும்? என் காசு போய் சம்பாரிச்சது. கொண்டா."

வாங்கி இரண்டையும் ஒன்றாக வைத்தாள். எண்ணிப் பார்க்கவில்லை. எழிலின் கண்ணில் ஒரு நொடி நிம்மதி தெரிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"அப்ப நாளைக்குக் கிழங்கு சொல்லிடட்டுமாக்கா?"

"நான் சொல்லிக்கறேன். மேச உன்னுது, எடுத்துக்க. தார்ப்பாய் என்னுது. கரியாலூர்ல நீ கடை போடறதுன்னா போடு, எனுக்கு ஒண்ணும் இல்ல. எங்கூட வேணாம்."

"ஒரு தப்புக்காக்கா? ஏழு வருஷம்க்கா."

"ஒரு தப்பு இல்லடி. மாசா மாசம் போனைக் காட்டுன பாரு, அது ஒவ்வொண்ணும் ஒரு தப்பு. இருபத்து மூணு மாசம்."

அஜித்குமார் "வா, போலாம்" என்று எழிலின் முழங்கையைத் தொட்டான். தெருமுனை வரை எழில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். செல்வி உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். பட்டப்பகலில் அவள் கதவைச் சாத்தியதை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த வாரமே செல்வி பேங்குக்குப் போனாள். பெயர் திருத்த இந்தத் தடவை ஐந்து நடை ஆனது. ஐந்துக்கும் நடந்தாள். கவுண்டரில் இருந்த பெண் ராதிகா பொறுமைசாலி. புது போனில் ஆப்பை இறக்கிக் கொடுத்து, தமிழில் மாற்றி, ஸ்கேன் ஒட்டுகிற அட்டையையும் வாங்கிக் கொடுத்தாள். "மேடம், முதலீடும் இதுலயே பண்ணலாம், பாக்கறீங்களா?" என்று ஒரு பொத்தானைக் காட்டினாள். "அதத் தொடாதம்மா" என்று செல்வி போனை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ராதிகா பயந்துவிட்டாள்.

எழில் மறுபடி மலைக்கு வரவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் செல்வி கேள்விப்பட்டாள். ஒரு நாள் கச்சிராயபாளையம் பஸ்ஸில் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். கூட்டம். உட்கார்ந்திருந்த எழில் எழுந்து, "உக்காருக்கா" என்றாள். செல்வி, "இருக்கட்டும்" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழிலும் உட்காரவில்லை. காலியாகவே கிடந்த அந்த இடத்தில் அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒருவர் உட்கார்ந்துகொண்டார்.

கையில் இருந்த காசுக்குச் செல்வி சேலத்திலிருந்து சின்னதாக ஒரு சீவுமெஷின் மட்டும் வாங்கினாள். சனி ஞாயிறுகளில் கொளஞ்சியப்பன் லாரி வேலையை விட்டுவிட்டு அவளோடு மலை ஏறினான். எழில் மாதிரி அவனுக்கு வாய் பேச வராது. ஆனால் மூட்டை தூக்குவான், புது மேசையைத் துடைப்பான், சொன்ன இடத்தில் நிற்பான்.

மே மாதம் கோடை விழாக் கூட்டம். பத்து மணிக்குள் கொண்டுபோன சிப்ஸ் பாதி தீர்ந்துவிட்டது. சிப்ஸ் போட்டுக் கொடுக்கிற உறை போதாது என்று தெரிந்ததும் கொளஞ்சியப்பன் கையை நீட்டினான்.

"போனைக் குடு. வெள்ளிமலைக்குப் போய் கவர் வாங்கிக்கினு வந்துடறேன். காசு அனுப்பறதுக்கு அந்த நாலு நம்பரு இன்னா? அங்க அடிக்கச் சொல்லுவான்."

செல்வி சிப்ஸ் அள்ளிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"நீங்க கடையப் பாத்துக்கங்க. நான் போய் வாங்கிக்கினு வரேன்."

"இம்மாங் கூட்டத்துல எனுக்கு வெல சொல்லவே வராது. நம்பர மட்டும் சொல்லுடி, ஓடிப் போய் ஓடி வந்துடறேன்."

"நான் போறேன்னு சொல்றேன்ல."

கொளஞ்சியப்பன் அவளைப் பார்த்தான். இருபத்து மூன்று வருடமாகக் கூலி வாங்கிய கையோடு அப்படியே கொண்டுவந்து அவளிடம் கொடுக்கிறவன். பீடிக்குக் காசு வேண்டுமென்றால்கூட அவளிடம் கேட்டு வாங்குகிறவன். அவன் முகம் சிறுத்துப்போனது செல்விக்குத் தெரிந்தது. நான்கு எண்கள்தான். நாக்கு நுனி வரை வந்தன. வாயைத் திறந்தாள். வரவில்லை.

"கவரே இல்லன்னாலும் பரவால்ல. பேப்பர்ல மடிச்சிக் குடுக்கலாம்" என்று அவனே சொல்லிவிட்டு, பையைக் குடைந்து பழைய செய்தித்தாள்களை எடுத்தான். மேசைக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்று, அவற்றை ஒவ்வொன்றாகக் கிழிக்க ஆரம்பித்தான்.

மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் இரண்டு பாக்கெட் கேட்டார். செல்வி எடுத்துக் கொடுத்தாள். போன் அவள் இடுப்பிலேயே இருந்தது.